பெயர் எங்களிடம் உண்டு

சிற்றூர் அருங்காட்சியகங்களில் பெண்கள் புழங்கிய பொருட்கள்தான் அதிகம். பெண்களின் பெயர்கள்தான் குறைவு. அம்மி, உலக்கை, முறம், பாக்குவெட்டி, பல்லாங்குழி, தொட்டில், ஊறுகாய் ஜாடி. இவையெல்லாம் யார் கொடுத்தவை என்று பதிவேட்டைப் புரட்டினால் வரிசையாக ஆண்களின் பெயர்கள் வரும். ஐம்பது வருடம் அந்த அம்மியில் அரைத்தவர் ஒருவர். வீட்டைப் பிரித்துக் கட்டும்போது “இது மியூசியத்துக்கு ஆகுமா பாருங்க” என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தவர் இன்னொருவர். கொண்டுவந்தவர் நன்கொடையாளர். அட்டையில் ஏறுவது நன்கொடையாளரின் பெயர்.

காவிரிப் படுகையில் உள்ள ஒரு சிற்றூரில் இப்படியோர் அருங்காட்சியகத்தை நடத்தும் வரலாற்றுக் கழகத்துக்கு நான் செயலாளர். ஊரின் பெயரை இந்தக் கட்டுரையில் எழுதப் போவதில்லை. காரணம் போகப்போகப் புரியும். தமிழ்நாட்டில் ஒரு சங்கத்தைப் பதிவுசெய்ய ஏழு பேராவது வேண்டும். நாங்கள் ஒன்பது பேர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அஞ்சல்காரர், மருந்துக்கடைக்காரர் என்று ஆறு ஆண்கள், மூன்று பெண்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஒரு பழைய சத்திரத்தின் இரண்டு அறைகளில் பொருட்கள் இருக்கின்றன. ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை திறந்திருக்கும். ஓலைச்சுவடிகளுக்கு எலுமிச்சம்புல் எண்ணெய் தடவுவது, சுவரோரம் கரையான் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது, கரண்ட் பில்லுக்கு வசூல் செய்வது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கண்ணாடியில் சாய்ந்துவிடாமல் காவல் நிற்பது. நடத்துவது என்றால் இவ்வளவுதான்.

நான் வேலை பார்த்தது சார்பதிவாளர் அலுவலகத்தில். முப்பது வருடம் பத்திரங்களோடு இருந்தவளுக்குப் பெயர்கள்மேல் ஒரு தனிக் கண் வந்துவிடும். பத்திரத்தில் ஆண் என்றால் இன்னார் குமாரர் இன்னார், முடிந்தது. பெண் என்றால் காலஞ்சென்ற இன்னாரின் குமாரத்தியும் இன்னாரின் மனைவியுமான இன்னார். அவள் பெயருக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு ஆண்களைத் தாண்ட வேண்டும். ஒரு சொத்தின் மூல ஆவணத்தை நாம் தாய்ப் பத்திரம் என்கிறோம். என் கையில் வந்துபோன தாய்ப் பத்திரங்களில் பெரும்பாலானவற்றில் தாய் என்று ஒருத்தி கிடையாது. தாத்தா, அப்பா, சித்தப்பா, அண்ணன், தம்பி.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண்ணின் பெயர், அவளுடைய கையெழுத்தோடும் படத்தோடும் சொத்தோடும், அருங்காட்சியகத்துக்குக் கிடைக்கிறது. அதை எழுதாமல் வைத்திருக்கலாமா? பெயரை மீட்பதுதான் பெண்களின் வரலாற்றை எழுதுவதில் முதல் வேலை என்று நம்புகிறவள் நான். அந்த நம்பிக்கையை விடாமலே ஒரு பெயரை எழுதாமல் வைத்திருக்கிறேன். இவை இரண்டும் எப்படிச் சேர்ந்து நிற்கும் என்பதைத்தான் இங்கே யோசித்துப் பார்க்கிறேன்.

கோயில் தெருவில் ஒரு பழைய வீட்டை வாங்கியவர், இடிப்பதற்கு முன்னால் பரணில் கிடந்த தகரப் பெட்டியை எங்களிடம் தந்தார். உள்ளே ஒரு ஜோடி சலங்கை, தோல் இற்றுப்போயிருந்தது. பதங்களும் ஜாவளிகளும் எழுதிய ஒரு நோட்டு. மூன்று பெண்கள் நிற்கும் ஸ்டூடியோ படம் ஒன்று. இரண்டு பத்திரங்கள். முதல் பத்திரத்தில் ஊர் மிராசுதார் ஒருவர் அந்த வீட்டைக் கோயில் தாசி ஒருவருக்குப் பிரியத்தின் பேரில் எழுதிக் கொடுக்கிறார். இரண்டாவதில், 1920களில், அந்த அம்மாள் அதே வீட்டைத் தன்னுடைய சுவீகாரப் புத்திரிக்கு எழுதி வைக்கிறார். என் வேலைக்காலம் முழுக்க நான் பார்க்காத தாய்ப் பத்திரம் அது. தாயிடமிருந்து மகளுக்கு, நடுவில் வேறு யாரும் இல்லை. நோட்டின் முதல் பக்கத்தில், துதிக்கை வைத்த பழைய ‘லை’, ‘னை’ எழுத்துகளோடு, இன்னார் எழுதியது என்று அவருடைய பெயர்.

சிற்றூரில் பெயர் கிடைத்துவிட்டால் வாரிசைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. பேத்தியின் மகள்கள் இருவர் இருந்தார்கள். இளையவர் பக்கத்து மாவட்டத்தில் செவிலியர், மூத்தவர் சென்னையில். இந்த விவரங்களையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

இளையவர் நேரில் வந்தார். சலங்கையைத் தொடவில்லை. படத்தை மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “வேணாம்னு சொல்லலக்கா. எல்லாத்தையும் நீங்களே வச்சுக்குங்க. ஆனா பேரு போடாதீங்க, போட்டோவ மாட்டாதீங்க. பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம். எங்க வீட்டுக்காரரு பக்கத்துல யாருக்கும் இதெல்லாம் தெரியாது” என்றார். மூத்தவர் போனில் பேசினார். “மறைச்சு வச்சா, அது அசிங்கம்தான்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும் மேடம். அவங்க என்ன திருடினாங்களா? பேரைப் பெருசாவே போடுங்க.”

இரண்டு பேரும் ஒரே ரத்தம். அந்தப் பெயர்மேல் இரண்டு பேருக்கும் ஒரே அளவு உரிமை. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. குடும்பத்தைக் கேட்டு முடிவுசெய்யுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். குடும்பம் என்பது ஒரே வாயால் பேசுவதில்லை.

நூறு வருடத்துக்கு முந்தைய சங்கதிக்கு இப்போது என்ன வந்தது என்று ஒருவர் கேட்கலாம். ஆவணங்களுக்குக் காலக் கெடு வைக்கும் வழக்கம் உலகத்தில் உண்டு. அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொருவரைப் பற்றியும் எழுதிய விவரங்களை 72 ஆண்டுகள் மூடி வைக்கிறார்கள்; 1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் தாள்களை 2022இல்தான் திறந்தார்கள். அவ்வளவு காலம் போனால் காயம் ஆறியிருக்கும் என்பது கணக்கு. நம் ஊரில் அந்தக் கணக்கு செல்லாது. தேவரடியார் என்பது கல்வெட்டுகளில் மரியாதையான சொல். தெருவில் அதன் சிதைந்த வடிவம்தான் எந்தச் சண்டையிலும் பெண்மேல் முதலில் விழும் வசை. ஆண்களைத் திட்டுவதற்கும் அதே சொல்லோடு ‘மகன்’ சேர்த்தால் போதும். எங்கள் அருங்காட்சியகத்துக்கு அதிகமாக வருகிறவர்கள் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். கல்வெட்டுச் சொல்லுக்கும் தெருச் சொல்லுக்கும் நடுவே ஆயிரம் வருடம் இருக்கிறது. அதை ஓர் அட்டையின் ஐந்து வரியில் விளக்க முடியாது. நாங்கள் எழுதும் பெயர் ஞாயிற்றுக்கிழமை வரலாறாக இருக்கும். திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் அது வேறாகிவிடும்.

பெயர் எழுதப்பட்டாலே போதும் என்று நினைக்கிறவர்கள் தஞ்சாவூர் வரை ஒருமுறை போய்வரலாம். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் ராஜராஜன் பெரிய கோயிலில் வெட்டுவித்த கல்வெட்டு ஒன்றில் சுமார் 400 பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் அவர்கள். எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல். பெயரைத் தொட்டு வருவது நக்கன் என்ற பொதுப் பெயர்தான். தகப்பன் பெயரையோ கணவன் பெயரையோ தாண்டி அவளிடம் போக வேண்டியதில்லை. பத்திரங்களில் ஊறிய எனக்கு அதை முதலில் படித்தபோது பொறாமையாகவே இருந்தது.

ஆனால் அந்தப் பெண்களிடம் யாரும் கேட்டு எழுதவில்லை. ஊர்விட்டு ஊர் வந்தது அவர்கள் விருப்பமா என்று கல்லில் இல்லை. அது அரசனின் படியளப்புக் கணக்கு. நெல் யாருக்கு, அவர் இறந்தால் பங்கு யாருக்கு என்று தெரிவதற்காகப் பெயர் எழுதப்பட்டது. அந்தக் கல்வெட்டு நமக்குக் கிடைத்தது நம் பாக்கியம். அதற்காக, பெயர் எழுதப்படுவதும் மதிக்கப்படுவதும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. சிறைச்சாலைப் பதிவேட்டிலும் பெயர் உண்டு. யார் எழுதுகிறார்கள், யார் படிப்பதற்காக எழுதுகிறார்கள், எழுதப்பட்டவளுக்கு அதில் சொல் உண்டா என்று கேட்ட பிறகுதான் ஒரு பெயர் மீட்கப்பட்டதா, பிடிக்கப்பட்டதா என்று சொல்ல முடியும்.

மறுபக்கமும் இதே தஞ்சாவூரில் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் இருந்த முத்துப்பழனி தெலுங்கில் ராதிகா சாந்த்வனம் என்ற காவியத்தை எழுதினார். தன் பாட்டி, தாய் என்று பெண்வழியாகவே தன் வம்சத்தையும் அதில் சொல்லிக்கொண்டார். 19ஆம் நூற்றாண்டில் அதை அச்சிட்டவர் அந்தப் பகுதியை விட்டுவிட்டார். பெங்களூர் நாகரத்தினம்மா மூலப் பிரதியைத் தேடிப் பிடித்து, விடுபட்டதைச் சேர்த்து 1910இல் பதிப்பித்தார். ஆபாசம் என்று அரசு தடைசெய்தது. 1947இல்தான் தடை நீங்கியது. திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவரும் இதே நாகரத்தினம்மாதான். ஒரு பெண் தன்னைப் பற்றித் தானே எழுதியதை இன்னொருவர் வெட்டினால், அதைத் திரும்ப ஒட்டுவது வாழ்கிறவர்களின் கடமை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்படியானால் எங்கள் நோட்டின் முதல் பக்கம்? அதிலும் அவரே அல்லவா தன் பெயரை எழுதியிருக்கிறார்? மூத்த சகோதரி இதைத்தான் கேட்டார். நான் பல நாள் அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறேன். முத்துப்பழனி அவைக்கு எழுதினார். கேட்கிறவர்கள் உண்டு என்று தெரிந்தே தன் பெயரைச் சொன்னார். இந்த அம்மாள் எழுதியது வீட்டு நோட்டு. அது இருந்தது பூட்டிய பெட்டியில். பள்ளிக்கூட நோட்டில் பிள்ளைகள் பெயர் எழுதுவது தொலைந்துபோகாமல் இருக்க. அந்த மாதிரி எழுதினாரா, இல்லை என் பாட்டு என்று உலகத்துக்குச் சொல்ல எழுதினாரா? அந்த எழுத்து இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. நமக்குப் பிடித்ததை அவர் வாயில் வைப்பது எளிது. அவர் மறுக்க வரமாட்டார்.

தாங்களே பேசியவர்கள் இருக்கிறார்கள். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936இல் தாசிகள் மோசவலை நாவலை எழுதினார். அந்த வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவர். அதை ஒழிப்பதற்காகவே அதைப் பற்றிப் பேசினார். இன்று அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதந்தோறும் பணம் தரும் திட்டம் அவர் பெயரில் இருக்கிறது. விராலிமலை முருகன் கோயிலில் சதிர் ஆடிய 32 பேரில் கடைசியாக எஞ்சிய முத்துக்கண்ணம்மாள் 2022இல் பத்மஸ்ரீ பெற்றார். தன் கலையைப் பற்றியும் கோயிலில் தான் இருந்த நாட்களைப் பற்றியும் அவரே பேசினார். ஒருவர் அதைக் கொடுமை என்றார், இன்னொருவர் தன் கலை என்றார். இருவரும் சொன்னது தங்கள் வாழ்க்கையைப் பற்றி; அதன் விலையையும் தாங்களே கொடுத்தார்கள்.

சட்டத்தைப் பற்றிய சண்டையிலும் அப்படித்தான். முத்துலட்சுமி ரெட்டியின் தாயார் அந்த மரபில் பிறந்தவர். சட்டமன்றத்தில் நின்று பொட்டுக்கட்டுவதை ஒழிக்கச் சொன்னவர் மகள். அதை எதிர்த்து, எங்கள் கலையையும் சொத்தையும் பறிக்காதீர்கள் என்று மனுக் கொடுத்தவர்களில் நாகரத்தினம்மா ஒருவர். 1947இல் தடைச் சட்டம் வந்தது. அந்தச் சண்டையில் யார் பக்கம் நான் என்று கேட்டால், சட்டத்தின் பக்கம். சிறு பெண்ணைக் கேட்காமல் கோயிலுக்குக் கட்டுவதற்கு எந்தக் கலையும் சமாதானம் ஆகாது. அதே நேரத்தில், சட்டம் போனபின் அந்தப் பெண்களின் வீடும் பாட்டும் வம்சமும் வசையாக மட்டும் மிஞ்சியதற்கு அந்தப் பெண்கள் பொறுப்பல்ல. இரண்டையும் சேர்த்துச் சொல்லாத எந்த அட்டையும் பொய்யாகத்தான் இருக்கும். அடிமைகள் என்று மட்டும் எழுதினால் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பெண் காணாமல் போகிறாள். கலையின் காவலர்கள் என்று மட்டும் எழுதினால் ஏழு வயதில் கட்டப்பட்ட பொட்டு காணாமல் போகிறது.

இறந்தவருக்கு அந்தரங்கம் உண்டா என்று சட்டத்தைக் கேட்டால் நேராக ஒரு பதில் கிடைக்கும். ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்குவதை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தொடுத்த வழக்கில், ஒருவரின் அந்தரங்கமும் நற்பெயரும் அவர் மரணத்தோடு முடிந்துவிடுகின்றன, அவை வாரிசுக்குச் சொத்தைப்போல வந்து சேராது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் சொன்னது. சட்டப்படி எங்கள் கை கட்டப்படவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. நற்பெயர் வாரிசுக்கு வராமல் போகலாம். கெட்ட பெயர் வந்துவிடுகிறதே. அதற்குப் பத்திரமும் வேண்டாம், பதிவும் வேண்டாம். பெண்வழியில் தானாக இறங்குகிறது.

இங்கேதான் மிராசுதார் வருகிறார். எங்கள் முதல் அறையில் அவருடைய பெரிய எண்ணெய்ச் சாயப் படம் தொங்குகிறது. வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி, தங்கச் சரிகைத் தலைப்பாகை. கீழே முழுப்பெயரும் பட்டமும், கொடைவள்ளல் என்ற அடைமொழியோடு. சத்திரத்தின் ஓடு மாற்றப் பணம் தந்தது அவருடைய குடும்பம். பெட்டி வந்த செய்தி அவர்களுக்கும் போனது. “பெரியவங்க பேரு அந்த டாக்குமெண்ட்ல இருக்குன்னு சொல்றாங்க. அதை வெளியில வைக்க மாட்டீங்கல்ல?” என்று கேட்டார்கள். மிரட்டலாகக் கேட்கவில்லை. தன்மையாகவே கேட்டார்கள். ஓடு மாற்றியதையும் யாரும் நினைவுபடுத்தவில்லை; எங்கள் பொருளாளர்தான் கூட்டத்தில் நினைவுபடுத்தினார்.

ஒரே பத்திரம். அதில் இரண்டு பெயர்கள். இரண்டு குடும்பங்களும் மறைக்கச் சொல்கின்றன. ஒரு குடும்பத்துக்குச் சரி என்றால் மற்றொன்றுக்கும் சரி என்றுதானே சொல்ல வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பத்திரம் வெளியே வந்தால் யாருக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். மிராசுதார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் தட்டிப்போகாது. அந்தக் காலத்துப் பெரிய மனிதர், அப்படித்தான் இருந்திருப்பார் என்று ஊர் சிரித்துக்கொண்டு கடந்துபோகும். கூடவே கொஞ்சம் பெருமையும் சேரலாம். செவிலியரின் மகளுக்கு அப்படி இல்லை. ஒரே உறவு, ஒரே வீடு, ஒரே கையெழுத்து. அவமானம் மட்டும் ஒரு பக்கமாக ஓடுகிறது. ஆகவே இரண்டு கோரிக்கைகளும் ஒரே மாதிரி ஒலித்தாலும் ஒன்றல்ல. ஒன்று அடிபடாமல் இருக்கக் கேட்கிறது. மற்றது அழுக்குப் படாமல் இருக்கக் கேட்கிறது. மறைக்கச் சொல்லும்போது, சொன்னால் விலை கொடுப்பது யார் என்று கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்த அளவுகோல் அதுதான்.

சிக்கல் அதோடு தீரவில்லை. அவர் பெயரை வெளியே சொன்னால், எந்த வீடு, எந்தப் பெண் என்று ஊருக்கு ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஆகவே அவளுக்காகக் காக்கும் மௌனம் அவரையும் சேர்த்துக் காக்கிறது. அவளுடைய கொள்ளுப்பேத்தியின் பயம், அவருடைய படத்துக்குக் கண்ணாடியாகிவிடுகிறது. இது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனால் அவரை அடிப்பதற்கு அவளைக் கல்லாக எடுத்து எறிய எனக்கு உரிமை இல்லை.

நாலு கூட்டம் பேசி நாங்கள் செய்தது இதுதான். சலங்கையையும் நோட்டையும் காட்சிக்கு வைத்தோம். நோட்டை நடுப்பக்கத்தில் திறந்து வைத்தோம். படமும் பத்திரங்களும் பெயரும் உறையிலிட்டு இரும்பு பீரோவில் இருக்கின்றன. பதிவேட்டில் அவற்றின் எண் இருக்கிறது, அழிக்கப்படவில்லை. ஆய்வுக்காக யாராவது கேட்டால் சகோதரிகள் இருவரின் சம்மதமும் வேண்டும். பத்து வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தைத் திரும்பக் கேட்பது என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அன்று நான் இல்லாவிட்டாலும் தீர்மானம் இருக்கும்.

அட்டையில் என்ன எழுதுவது என்பதில்தான் நீண்ட நேரம் போனது. பெயர் தெரியவில்லை என்று எழுதிவிடலாம் என்றார் ஒருவர். அதற்கு நான் ஒப்பவில்லை. தெரியவில்லை என்பது பொய். அந்தப் பொய்தான் எங்கள் அருங்காட்சியகத்தின் பாதிப் பொருட்கள்மேல் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது. கடைசியில் இப்படி எழுதினோம்: இந்த நோட்டை எழுதியவர் இவ்வூர்க் கோயிலில் ஆடியும் பாடியும் வாழ்ந்த ஒரு பெண். தன் வீட்டைத் தன் மகளுக்கு எழுதிவைத்தார். அவர் பெயர் எங்களிடம் உண்டு. குடும்பத்தின் விருப்பப்படி இங்கே எழுதவில்லை.

அழிப்பதும் சொல்லாமல் இருப்பதும் வேறு வேறு. முத்துப்பழனியின் பக்கங்களை விட்டவர், விட்டேன் என்று எழுதி வைக்கவில்லை. படித்தவர்கள் நூல் அவ்வளவுதான் என்று நினைத்தார்கள். மௌனம் தேவைப்படும்போது அது மௌனம் என்று தெரியும்படி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளை வருகிறவள் தேட மாட்டாள். வாழ்கிறவளுக்கு மௌனத்தைத் தரலாம். இறந்தவளுக்கு, அவள் இருந்தாள் என்பதையாவது தர வேண்டும். இறந்தவளால் இன்னும் பத்து வருடம் காத்திருக்க முடியும். வரன் பார்க்கும் வீட்டால் முடியாது.

மிராசுதாரின் படம் அதே இடத்தில் இருக்கிறது. ஆனால் எல்லா அட்டைகளிலிருந்தும் புகழ்ச் சொற்களை எடுப்பது என்று பொதுவாக ஒரு விதி செய்தோம். கொடைவள்ளல், பெருந்தகை, கல்விக்கண் திறந்தவர் எல்லாம் போயின. பெயர், ஆண்டு, நிலம் எவ்வளவு, பொருள் எப்படி எங்களிடம் வந்தது. அவ்வளவுதான். அவர் குடும்பத்துக்கு வருத்தம். அடுத்த ஓட்டுச் செலவுக்கு வேறு வழி பார்க்க வேண்டியிருக்கும். பதிவேட்டில் ஒரு புதிய பத்தியும் சேர்த்தோம்: புழங்கியவர். அம்மி கொண்டுவருகிறவரிடம் இப்போது இதில் அரைத்தது யார் என்று கேட்கிறோம். சிலருக்கு உடனே பெயர் வருகிறது. சிலர் “எங்க ஆத்தாதான்” என்று சொல்லிவிட்டு, ஆத்தாவின் பெயருக்காக வீட்டுக்குப் போன் போடுகிறார்கள்.

மூத்த சகோதரி இன்னும் சமாதானமாகவில்லை. “நீங்க ஊருக்குப் பயந்துட்டீங்க” என்றார். அவர் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. மௌனம் காக்கும் ஒவ்வொரு நாளும் அந்த வசைச்சொல் இன்னொரு நாள் உயிரோடு இருக்கிறது. அவமானத்தை உடைக்க யாராவது வெளியே வந்து நிற்கத்தான் வேண்டும். ஆனால் வருகிறவள் தானாக வர வேண்டும். துணிச்சலை ஒருவர் இன்னொருவர் சார்பில் நன்கொடையாகத் தர முடியாது. அருங்காட்சியகம் செய்யக்கூடியது, அவள் வரும் நாளில் படத்தையும் நோட்டையும் பத்திரத்தையும் கரையான் அரிக்காமல் எடுத்துக் கையில் கொடுப்பது. அதுவரை அந்தச் சொல்லோடு சண்டைபோடும் வேலை எங்களுடையது, அவளுடையதல்ல.

அந்தச் சண்டை ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கிறது. அட்டையைப் படிக்கும் பிள்ளைகளில் யாராவது ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், “பேரு தெரியும்னா ஏன் எழுதல?” என்று கேட்கிறாள். அன்று யார் காவலோ அவர் பதில் சொல்ல வேண்டும். எழுதினால் அந்த வீட்டுப் பிள்ளையை ஊர் திட்டும் என்று சொல்கிறோம். எதற்குத் திட்டணும் என்று அடுத்த கேள்வி வருகிறது. அஞ்சல்காரர் முதல் இரண்டு வாரம் அந்த இடத்தில் திணறினார். இப்போது முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கோயிலிலிருந்து ஆரம்பித்து, நிலம் யாரிடம் இருந்தது, வீடு யார் எழுதிக் கொடுத்தது, சட்டம் ஏன் வந்தது என்று பெயர் சொல்லாமலே சொல்லி முடிக்கிறார். கால்மணி நேரம் ஆகிறது. மற்ற பொருட்களைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு நேரம் போதவில்லை என்று ஆசிரியர்கள் குறைப்படுகிறார்கள்.